எவர் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுவோம்

1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளி சிவனு லட்சுமணன் உயிரிழந்தார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணி பிரித்துக் கொடுக்கப்படுவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்ட நேரம் அது. கொட்டகலை, பத்தனை, தலவாக்கலைப் பக்கத்து லயங்களில் இந்தக் கதையைக் கேளாமல் வளர்ந்தவர்கள் குறைவு. கூட்டம் எந்தெந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, யார் முன்னால் நின்றார்கள், அந்த உயிர் போன பிறகு காணிப் பிரிப்பு எப்படி நின்றது என்றெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள்.

இன்று ஹட்டனில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி இதைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத உட்கார்ந்தால், முதலில் எதிர்ப்படும் கேள்வி "சான்று எங்கே?" என்பதுதான். அம்மாயி சொன்னார் என்று எழுத முடியாது. அச்சில் வந்த நூலோ பத்திரிகைச் செய்தியோ அரச ஆவணமோ ஒன்றைக் காட்ட வேண்டும். காட்ட முடியாத வரிகளை வேறொருவர் நீக்கிவிடுவார். அந்த நீக்கத்தில் பகை ஏதும் இல்லை. 2003இல் தொடங்கி ஒன்றரை இலட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்ட அந்தக் கலைக்களஞ்சியத்தைச் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களே எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவைத்த ஓரிடத்தை இந்த விதிதான் காப்பாற்றுகிறது.

ஆனாலும் அதே விதி எல்லோர் தோளிலும் ஒரே பாரமாக விழுவதில்லை. மலையகத்தைப் பற்றி அரசும் கம்பனியும் எழுதிவைத்தது நிறைய. மலையக மக்கள் தாமே எழுதி அச்சேற்றியது அதைவிடக் குறைவு. பாடியதும் ஆடியதும் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னதும் ஏராளம். இந்த மூன்றையும் ஒன்றையொன்று கெடுக்காமல் எப்படி ஓரிடத்தில் சேர்த்து வைப்பது? இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த சமூகம் அடுத்து ஒன்றாகக் கூடி விடைகாண வேண்டிய கேள்வி இதுவே.

இரசிகர்கள் வகுத்த ஒழுங்கு

இதே சிக்கலைத் திரைப்பட, தொலைக்காட்சித் தொடர் இரசிகர்கள் தம் களத்தில் சந்தித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டார் ட்ரெக் தொடருக்கு 2003இல் இரசிகர்கள் தொடங்கிய விக்கியின் பெயர் மெமரி ஆல்ஃபா. திரையில் வந்தது மட்டுமே அங்கு மூலக்கதை. உரிமை பெற்று வெளியான நாவல்களில் வந்த சேதிகளைக் கட்டுரையின் அடியில் தனிப் பகுதியாகத்தான் போடுவார்கள். அந்த நாவல்களுக்கும் படக்கதைகளுக்கும் என்றே மெமரி பீட்டா என்ற இன்னொரு விக்கி உண்டு.

ஸ்டார் வார்ஸ் இரசிகர்களின் வூக்கிபீடியாவுக்கு 2014 ஏப்ரலில் இதைவிடப் பெரிய சோதனை வந்தது. அதுவரை வெளிவந்திருந்த நாவல்களும் படக்கதைகளும் இனி மூலக்கதையில் சேராது, 'லெஜெண்ட்ஸ்' என்ற தனிப் பெயரில் நிற்கும் என்று அந்தப் படங்களின் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். இரசிகர்கள் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த பக்கங்கள் எத்தனையோ ஒரே நாளில் தகுதி இழந்தன. அவர்கள் எதையும் அழிக்கவில்லை. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு பக்கங்கள் வைத்தார்கள். மேலே இரண்டு பட்டிகள். ஒன்று இன்றைய மூலக்கதை, மற்றொன்று பழைய மரபு. எதை வாசிக்கிறோம் என்பது வாசிப்பவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். இரசிகர்கள் தாமாகக் கற்பனை செய்த கதைகளை அங்கு சேர்ப்பதில்லை. அவற்றுக்கு வேறொரு விக்கி இருக்கிறது. அங்கு எழுதுவதை எவரும் இழுக்காக நினைப்பதுமில்லை.

கலக்காதே, கழிக்காதே என்பதுதான் இந்த ஒழுங்கின் சாரம். எந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று முதலில் எழுதிவிட வேண்டும். பிறகு அதை அதற்குரிய இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும். ஒரு கற்பனை உலகத்தின் மேல் வைத்த அன்புக்காக முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் இவ்வளவு கட்டுப்பாட்டோடு நடந்துகொள்கிறார்கள். நம்முடையது உண்மையில் வாழ்ந்து முடிந்தவர்களின் கதை. அதற்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் அதிகமாகவே தேவை.

ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. சினிமாக் கதைக்கு உரிமையாளர் உண்டு. எது மூலக்கதை என்று அவர் தீர்மானிக்கலாம். ஒரு சமூகத்தின் வரலாற்றுக்கு அப்படி உரிமையாளர் எவரும் இல்லை. அரச முத்திரை பதித்த தாள், அதை யார் வெளியிட்டார் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். அதில் உள்ளதெல்லாம் நடந்தது என்பதற்கு அந்த முத்திரை போதாது.

இரு பக்கமும் உண்மை உண்டு

தோட்டத்தின் சம்பளப் பதிவேடான செக்ரோலை எடுத்துக்கொள்வோம். காலையில் பெரட்டுக்களத்துக்குப் போய் மலையேறி மாலைவரை கொழுந்து பறித்த ஒரு தாய், குறித்த நிறையை எட்டவில்லை என்றால் அன்று அவருக்கு விழுவது அரைப்பேர். செக்ரோலில் அரைநாள்; அவர் நினைவில் முழுநாள். இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ள முடியுமா? கம்பனி எவ்வளவு கூலி கொடுத்தது என்பதைச் செக்ரோல் சொல்கிறது. எவ்வளவு உழைத்தேன் என்பதை அந்தத் தாய் சொல்கிறார். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் தோட்டத்து உழைப்பின் வரலாறு முழுமை பெறும். செக்ரோலை மட்டும் பார்த்து எழுதினால் ஒரு தலைமுறைப் பெண்களின் பாதி உழைப்பு காணாமல் போகும்.

அண்மைக்காலத்துக்கு வருவோம். 2024 மே மாதம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வெளிவந்தது. அது நீதிமன்றம் சென்று, திரும்பப் பெறப்பட்டு, செப்டம்பரில் 1,350 ரூபா என்ற அறிவிப்பு வந்தது. முதல் வர்த்தமானியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் எழுதினால், அந்த மேயிலிருந்து ஒவ்வொரு தொழிலாளியும் 1,700 ரூபா வாங்கினார் என்றுதான் எழுதுவார். அவரைத் திருத்தப் போவது லயத்து அறையில் யாரோ பத்திரப்படுத்திய ஒரு சம்பளச் சீட்டு.

குடிசன மதிப்பீட்டு எண்களிலும் இதே நிலை. இந்தியத் தமிழர் என்ற தலைப்பின் கீழ் 1981இல் 8,18,656 பேர். 2012இல் 8,39,504 பேர். முப்பத்தோராண்டுகளில் சுமார் இருபத்தோராயிரம் பேரே கூடியிருக்கிறார்கள். ஒப்பந்தங்களின்படி இந்தியா சென்றவர்கள், கலவரங்களுக்குப் பின் வெளியேறியவர்கள், படிவத்தில் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்கள் என்று பல காரணங்கள் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. ஒரு குடும்பம் ஏன் தன் அடையாளத்தை மாற்றிப் பதிந்தது என்பதை அந்தக் குடும்பத்திடம்தான் கேட்டறிய வேண்டும்.

இனி மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டித்தான் நம் முன்னோரைக் கூட்டிவந்தார்கள் என்பது மலையகமெங்கும் வழங்கும் வாய்மொழி. எந்தக் கங்காணி, எந்த ஊரில், எந்த ஆண்டில் அப்படிச் சொன்னான் என்று கேட்டால் விடை இல்லை. நம் முன்னோர் கோப்பிக் காலத்திலேயே வரத் தொடங்கிவிட்டார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல்தான். ஆகவே ஆட்சேர்ப்பு நடந்த முறைக்கு இந்த வாய்மொழியைச் சான்றாகக் காட்டினால் தடுக்கி விழுவோம். ஆனால், தாம் ஏமாற்றப்பட்டதாக ஒரு மக்கள் கூட்டம் தலைமுறைகளாக எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. மக்கள் நினைவு என்று அடையாளமிட்டு வைத்தால் அது பொன். ஆட்சேர்ப்பு ஆவணம் என்று வைத்தால், அதைக் காட்டியே நம் வரலாறு முழுவதையும் கட்டுக்கதை என்று ஒருவர் தள்ளிவிடலாம்.

அரச ஆவணம் என்றாலே ஒதுக்கிவிட வேண்டும் என்ற எண்ணமும் சரியன்று. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் இறந்தபோது விசாரணை ஆணைக்குழு அமைந்தது; அவருடைய மனைவிக்காகச் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். அதிகாரிகள் கூட்டிய அந்த அவையில் தொழிலாளர் தரப்பும் பதிவானது. அந்தப் பதிவு அரசின் சொத்தாக இருப்பதைப் போலவே நம் சொத்தும்தான்.

கேட்கப்பட்ட அதே கேள்வி

"சான்று எங்கே?" என்ற கேள்வி மலையக மக்களுக்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்த மண்ணில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தோட்டத்தில் பிறந்த பலருக்கு அப்படி ஒரு தாள் இல்லை. தாள் இல்லாதவர் நாடற்றவர் ஆனார். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கான கதவு முழுமையாகத் திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான்.

இந்த வரலாற்றைச் சுமந்த ஒரு முதியவரிடம் போய் ஆதாரம் கேட்கும் இளைஞர், அந்தக் கேள்வி எந்தப் புண்ணைத் தொடுகிறது என்று உணர்ந்து கேட்க வேண்டும். அதே வரலாறு இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. தாள் இல்லாமல் போனதால் நாம் கொடுத்த விலை பெரிது. இனி நம் கதைக்குத் தாள் இல்லை என்ற நிலை வரவே கூடாது.

பெயரில்லாப் படங்களும் பழைய பாட்டும்

ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் 1875 முதல் இலங்கையில் வாழ்ந்து 1879இல் மறைந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். இங்கு அவர் எடுத்த தோட்டத் தொழிலாளர் படங்கள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் உள்ளன. படம் எடுத்தவரின் பெயரை உலகம் அறியும். படத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே நிற்கிறார்கள். இப்படிப்பட்ட பழைய படங்கள் இன்று கைபேசிக்குக் கைபேசி பரவும்போது, யாரோ ஒருவர் ஓர் ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துவிடுகிறார். அடுத்தவர் அதை நம்பி அனுப்புகிறார். சில மாதங்களில் அது பாடசாலை மலரிலும் ஏறிவிடுகிறது. அன்போடு செய்தாலும் அது கேடுதான். பெயர் தெரியாத ஒருவருக்குப் பொய்ப் பெயர் சூட்டுவது அவரை இரண்டாம் முறை மறைப்பதாகும்.

பாட்டுக்கும் கூத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் ஒவ்வொரு ஆண்டும் ஆடுகிறவர்களின் கையில் சற்றே மாறும். மாறுவது கலையின் இயல்பு, மாறட்டும். புதிதாகக் கட்டிய பாட்டைப் புதியது என்று சொல்லிப் பாடுவதில் குறைவில்லை. நேற்று எழுதியதை நூற்றாண்டுப் பழைமை என்று பதிவேற்றினால், உண்மையில் பழையதான பாட்டின் மேலும் சந்தேகம் விழும்.

முன்னோர் இதில் நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் பாடல்களைச் சேகரித்து மக்கள் பாடல்கள் என்றே பெயரிட்டு நூலாக்கினார். தம் சொந்தக் கவிதைகளைத் தம் பெயரில் வெளியிட்டார். இரண்டையும் அவர் ஒன்றாகக் கலக்கவில்லை. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் வாழ்க்கையைப் பழைய தாள்களுக்குள் தேடி எழுதிய சாரல்நாடனும் இந்த வழியில் நடந்தவரே.

அருங்காட்சியகங்களிலும் இரு பக்கங்களைக் காணலாம். கண்டி ஹந்தானையில் பழைய தொழிற்சாலையொன்றில் அமைந்த தேயிலை அருங்காட்சியகம் இயந்திரங்களையும் துரைமாரின் முயற்சியையும் காட்டுகிறது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்து லயத்தில், சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் திறந்த தொழிலாளர் அருங்காட்சியகம் கவ்வாத்துக் கத்தியையும் கொழுந்துக் கூடையையும் பழைய அடையாளத் தாள்களையும் காட்டுகிறது. பிள்ளைகளை ஒன்றுக்கு மட்டும் அழைத்துப்போகும் பாடசாலை பாதி வரலாற்றையே கற்பிக்கிறது.

நான்கு அடையாளங்கள்

ஆகவே நாம் முன்வைக்கும் ஏற்பாடு எளியது. மலையகம் பற்றி எவர் எதைப் பதிவு செய்தாலும் அதன் மேல் நான்கில் ஓர் அடையாளம் இருக்கட்டும். வர்த்தமானி, ஆணைக்குழு அறிக்கை, குடிசன மதிப்பீடு, செக்ரோல், கூட்டு ஒப்பந்தம் ஆகியவை அலுவல் ஆவணம். நூலும் பத்திரிகையும் தொழிற்சங்க வெளியீடும் அச்சுப் பதிவு. நேரில் கண்டவரோ கேட்டவரோ சொன்னது வாய்மொழி. அதில் சொன்னவர் யார், எந்தத் தோட்டம், எந்த நாளில் சொன்னார், தாம் கண்டதா கேட்டதா என்பதும், பதிவு செய்ய அவர் தந்த இசைவும் இருக்க வேண்டும். புதிய பாடல், நாடகம், சிறுகதை, குறும்படம் ஆகியவை படைப்பு. நான்கும் சமமாக மதிப்புக்குரியவை. ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய் உட்காரக் கூடாது, அவ்வளவே.

வாய்மொழியைச் சான்றாக்க முடியும் என்பதற்கு முன்மாதிரியும் உண்டு. 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவோடு மலையாளத்திலும் இந்தியிலும் தென்னாப்பிரிக்காவின் வட சோத்தோ மொழியிலும் மக்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே கட்டுரைக்குச் சான்றாகக் காட்டிப் பார்த்தார்கள். பொது விதி அதனால் மாறிவிடவில்லை. ஆனாலும் ஒழுங்காக எடுத்த ஒலிப்பதிவு பொதுவில் இருந்தால், ஆய்வாளர் அதைக் கேட்டு எழுதலாம். அவர் எழுதியது அச்சேறினால் அதுவே விக்கிப்பீடியாவுக்கும் சான்றாகும். நம் தமிழிலேயே அதற்கு இடம் இருக்கிறது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம், விக்கி மென்பொருளில் இயங்கியபடி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் காத்துவருகிறது. படங்களையும் ஒலிகளையும் காக்க ஆவணகம் என்ற களமும் அதனிடம் உண்டு.

ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு

இது எந்த ஒரு தரப்பின் வேலையும் அன்று. தோட்ட நிர்வாகம் ஆங்கிலேயக் கம்பனிகளிடமிருந்து 1975இல் அரசுக்கும், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய பதிவேடுகள் சிதறும் ஆபத்து இருந்தது. எஞ்சியிருப்பவற்றைக் கறையானுக்கு விடாமல் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் வழிகாட்டலில் பாதுகாப்பது இன்றைய கம்பனிகளின் கடமை. தனியாரின் விவரங்கள் அடங்கிய பக்கங்களை அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும் காட்டட்டும். மற்றவை ஆய்வுக்குத் திறந்திருக்கட்டும். அரச அலுவலகங்களில் உள்ளவற்றைக் கேட்டுப் பெற 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கு வழி தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் அரசைக் குறைகூறிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

தொழிற்சங்கங்களிடம் கூட்டக் குறிப்புகளும் துண்டுப் பிரசுரங்களும் மாநாட்டு மலர்களும் உள்ளன. கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்து அவற்றை எண்ணிமப்படுத்தத் தர வேண்டும். தங்கள் தலைவர் மட்டுமே போராடினார் என்று எழுதும் ஆசையைச் சங்கங்கள் விடவேண்டியதும் இந்தப் பொறுப்பில் அடங்கும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்து முதியவர் ஒருவரின் கதையை அடையாளத்தோடு பதிவு செய்தால், பயிற்சி முடித்துப் போகும் ஒவ்வொரு அணியும் ஓர் ஆவணத் தொகுப்பை விட்டுச் செல்லும். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்கலாம். கோயில் கமிட்டிகளிடம் திருவிழா நோட்டீசுகளும் வரவுசெலவுக் கணக்குகளும் இருக்கும். கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய்க் குடியேறியவர்களிடம் தாயகம் திரும்பியோர் தாள்களும் கப்பல் நினைவுகளும் இருக்கும். விக்கிப்பீடியாவில் எழுதும் நண்பர்கள், சான்றில்லாத வரியை நீக்குமுன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அந்தச் செய்தியை வைக்கத் தகுந்த இடத்தைக் காட்டிவிட்டால் நல்லது.

காலம் நமக்காகக் காத்திராது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உள்ளே அகப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கைகூட நாளுக்கு நாள் மாறியது. மனிதர்களோடு அவர்களுடைய பிறப்புச் சான்றிதழ்களும் குடும்பப் படங்களும் மண்ணுக்குள் போயின. லயங்களில் தீப்பிடிக்கும்போதும் இதே கதைதான். 1977இன் டெவன் துப்பாக்கிச் சூட்டை நேரில் கண்டவர்களில் இளையவர்களே இன்று முதியோராகிவிட்டார்கள்.

இதை வாசிக்கும் நண்பரே, இந்த வாரம் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் உள்ள ஒரு தாளைப் படமெடுங்கள். அது என்ன, யாருடையது, எந்தத் தோட்டம் என்று எழுதுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் அவர் அனுமதியோடு அரைமணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். அவர் கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் குறியுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே விடுங்கள். அப்படி எழுதிய ஒரு பக்கத்தை எந்த ஆய்வாளராலும் எந்த அதிகாரியாலும் எளிதில் தள்ளிவிட முடியாது. நம் வரலாற்றை நாமே எழுதும் உரிமையைக் கேட்கிற நாம், அதை ஒழுங்காக எழுதும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்போம்.